முன்சீட்டைக் கழற்றிய நாள்

காரிலிருந்து கழற்றிய சீட்டு ஒன்று தனியாகத் தரையில் நிற்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் சாலையை விட்டு உள்ளே தள்ளி, சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு நடுவே இருந்த ஒரு தகரக் கொட்டகையில் அதைப் பார்த்தேன். சாம்பல் நிறத் துணி போட்ட முன்சீட்டு. காருக்குள் இருந்தவரை சிறியதாகத் தெரிந்தது. வெளியே எடுத்து சிமெண்டுத் தரையில் வைத்ததும் நெஞ்சுயரத்துக்கு நின்றது. அடியில் இரண்டு இரும்புத் தண்டவாளங்கள், கிரீஸ் பூசிய கறுப்பு, அதன்மேல் படிந்த சாலைப் புழுதி. பக்கத்துப் பட்டறையில் இரும்பை ராவுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. டாக்டரம்மா கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அந்தச் சீட்டையே பார்த்தபடி நின்றார். நான் அவருக்குப் பின்னால், எப்போதும் நிற்கிற தூரத்தில் நின்றேன். தொண்ணூறுகளின் கடைசி அது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் டாக்டரம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அவருடைய முகம் இல்லை. அன்றைக்கு அந்தக் கொட்டகையில் பார்த்த அவருடைய முதுகுதான்.

டாக்டரம்மாவின் மருத்துவமனை தாராபுரத்தில் இருந்தது. கீழே பிரசவ அறையும் சில படுக்கைகளும், மாடியில் அவருடைய வீடு. பின்கட்டில் எனக்கு ஓர் அறை. மிஷன் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் படிப்பு முடித்து நேராக அங்கேதான் வேலைக்குப் போனேன். அவர் அமராவதி வாய்க்கால் பாசனத்தில் நிலம் வைத்திருந்த பண்ணையக் குடும்பத்துப் பெண். என் அப்பாவும் அம்மாவும் அப்படிப்பட்ட பண்ணையங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. பேசாமலே அது எங்களுக்கு நடுவில் இருந்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் காலமானபின் நிலத்தை விற்றுவிட்டார்கள். ஒரே அண்ணன் சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடமிருந்து போன் வரும். அதற்காக டாக்டரம்மா குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பார்க்கப்போவது யாரும் இல்லை, பேசத்தான் போகிறார், ஆனாலும் அப்படித்தான். எல்லா நாட்களிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாடியில் ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. ஒரே அடுப்பில் வெந்த சோறு. நான் கீழே கழுவுகிற சத்தம் அவருக்கும், அவர் மாடியில் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் எனக்கும் கேட்கும்.

அந்த அண்ணன் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று ஒருமுறை குடும்பத்தோடு வந்தார். வரும்போது அங்கே ஓட்டிய காரையும் கப்பலில் கொண்டுவந்தார். இங்கே அவருக்கு எதுவும் சரிப்படவில்லை. காரைத் தங்கையிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். எங்கள் ஊரில் அப்படியொரு கார் அதற்கு முன் இருந்ததில்லை. மோதினால் ஸ்டியரிங்குக்குள்ளிருந்து காற்றுப் பை வெடித்து வந்து நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும் என்று அவர் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மருத்துவமனையில் கூட்டித் துடைக்கிற எங்கள் ஆயாவுக்கு அது நம்பும்படியாக இல்லை. சாவியைத் திருப்பினதும் முன்பலகையில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்து அணையும். உட்கார்ந்திருக்கிற ஓர் ஆள், அவர் முன்னால் உருண்டையாக ஒன்று. அது அந்தக் காற்றுப் பைக்கான விளக்கு. ஆயா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "பிள்ளைத்தாச்சியாட்ட இருக்குதுங்க" என்றாள். நியாயம்தான், வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணியைப் போலத்தான் இருந்தது. டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அன்றிலிருந்து அந்த விளக்குக்கு எங்கள் மருத்துவமனையில் அதுதான் பெயர்.

காரை ஓட்டுவதற்கு அவர் ஆள் வைத்துக்கொள்ளவில்லை. தானே ஓட்டினார். எங்கள் கையை மீறிப்போகும் பிரசவங்களைக் கோயமுத்தூருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அந்நேரத்துக்கு வாடகைக் கார் கிடைக்காது; கிடைத்தாலும் ரத்தம் படியும் என்று ஏற்றமாட்டார்கள். அதனால் டாக்டரம்மா தன் காரிலேயே ஏற்றிக்கொள்வார். இடதுபக்க முன்சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, சாய்மானத்தைக் கிடத்தி, பெண்ணைப் படுக்கவைத்து, கால்கள் உயர்ந்திருக்க வேண்டும் என்று அவற்றைத் தலையணை போட்டு முன்பலகைமேல் வைப்போம். நான் பின்சீட்டில் இருந்து சாய்ந்து குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொள்வேன். குண்டடம், பல்லடம், சூலூர் என்று போகிற சாலையின் ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும். அப்படிக் கொண்டுபோன பெண்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள், அந்த ஒருத்தியைத் தவிர.

மூலனூர்ச் சாலையில் ஒரு காலனியிலிருந்து வந்தவள். காடுதோட்டங்களில் களை எடுக்கப் போகிறவள், சின்ன வயது, முதல் பிரசவம். காலையில் சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் கர்ப்பப்பை சுருங்கவில்லை. ஊசி போட்டும், அமுக்கிவிட்டும் ரத்தம் நிற்கவில்லை. அப்போது எங்கள் ஊரில் ஏற்றுவதற்கு ரத்தம் கிடையாது. மத்தியானம் காரில் ஏற்றினோம். குழந்தையோடு அவளுடைய அம்மா மருத்துவமனையிலேயே இருந்தாள். ரத்தம் கொடுக்க ஆட்களைத் திரட்டிக்கொண்டு புருஷன் பின்னால் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. காருக்குள் நாங்கள் மூன்று பேர்தான். டாக்டரம்மா சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினார். நான் ஒரு கையில் பாட்டிலும் ஒரு கையை அவள் வயிற்றிலும் வைத்திருந்தேன். அவள் நினைவோடுதான் இருந்தாள். பல்லடம் தாண்டியதும் என்னிடம் ஏதோ சொன்னாள். குரல் தணிந்துபோயிருந்ததால் நான் காதை அவள் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. சூலூர் வருவதற்குள் என் கைக்குக் கீழே எல்லாம் அடங்கிவிட்டது. "அம்மா, மெதுவாவே போங்க" என்று மட்டும் நான் சொன்னேன். டாக்டரம்மா புரிந்துகொண்டார். ஆனாலும் வேகத்தைக் குறைக்காமல் கோயமுத்தூர் மருத்துவமனை வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரையும் குறை சொல்லாமல் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. புருஷனுடைய ஆட்கள் வந்து கத்தினார்கள். பெயர்ப்பலகைக் கண்ணாடி உடைந்தது. காலையிலேயே ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்டார்கள். அதையே டாக்டரம்மாவும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது மாடியில் நாற்காலி நகர்கிற சத்தத்திலிருந்து எனக்குத் தெரியும். அவர் பிரசவம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். வருகிறவர்களை வேறிடத்துக்குப் போகச் சொன்னார். காய்ச்சல், சளி, சிரங்கு மட்டும் பார்த்தார். கொஞ்ச நாளில் அதற்கும் ஆட்கள் குறைந்தார்கள். பிள்ளை பெற்ற வீட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்த கட்டடம் அமைதியாகிவிட்டது. ஆயா வேறு வேலைக்குப் போனாள். காயப்போடத் துணி இல்லாத கொடிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டு நான் பின்கட்டில் உட்கார்ந்திருப்பேன். எங்கே போவது என்று எனக்கும் தெரியவில்லை. டாக்டரம்மாவைத் தனியாக விட்டுப்போகவும் மனம் வரவில்லை. அவரோ நான் இருப்பதையே கவனித்ததாகத் தெரியவில்லை.

சீட்டை நாங்கள் கழுவினோம். சோப்புப் போட்டு, உப்புப் போட்டு, வெயிலில் காரின் கதவைத் திறந்துவைத்து நாள்முழுக்கத் தேய்த்தேன். கறை பெரும்பாலும் போய்விட்டது. சில மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிய ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் எரியும், வண்டி ஓடும்வரை எரிந்துகொண்டே இருக்கும். டாக்டரம்மா ஒரு நாள் ஊசிபோட்ட இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போய் அந்த விளக்கின்மேல் ஒட்டிவிட்டு வந்தார். பிளாஸ்டருக்கு அடியிலும் அது மங்கலாகத் தெரிந்தது.

அண்ணன் போனில் வற்புறுத்தி அழைத்ததில், மருத்துவமனையை மூடிவிட்டு சிங்கப்பூருக்கே போய்விடுவது என்று அவர் முடிவுசெய்தார். என்னிடம் அதை அறிவிப்பைப் போலச் சொன்னார். கோயமுத்தூரில் எனக்கு நல்ல இடமாகச் சொல்லிவைத்திருப்பதாகவும் சொன்னார். நான் சரிங்கம்மா என்றேன். காரை வாங்கிக்கொள்ளத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரர் முன்வந்தார். பார்க்க வந்தவர் பிளாஸ்டரை உரித்துப் பார்த்துவிட்டு, அந்த விளக்கை மட்டும் அணைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்படித்தான் பெரியநாயக்கன்பாளையத்துக்குப் போனோம். துபாயில் இந்த மாதிரிக் கார்களில் வேலை பார்த்துவிட்டு வந்த எலக்ட்ரீசியன் ஒருவர் அங்கே கடை போட்டிருந்தார். வழக்கம்போல நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். முன்சீட்டு காலியாக வந்தது. அந்தப் பெண்ணைக் கொண்டுபோன நாளுக்குப் பிறகு அதில் யாரும் உட்காரவில்லை.

எலக்ட்ரீசியன் நிதானமான மனிதர். கையடக்கமான ஒரு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு ஸ்டியரிங்கில் இல்லை, இடதுபக்க முன்சீட்டில் இருக்கிறது என்றார். பெல்ட்டை மாட்டுகிற கொக்கி அந்தச் சீட்டோடு சேர்ந்திருக்கிறதாம். மோதினால் பை விரிகிற அதே நேரத்தில் அந்தக் கொக்கி பெல்ட்டை இழுத்து இறுக்குமாம். அதற்கும் சின்னதாக ஒரு வெடி உண்டு. அதனால்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரே விளக்கு. அதற்குப் போகிற வயர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, கழற்றாமல் பார்க்க முடியாது என்றார். முதலில் பேட்டரி வயரைப் பிரித்துவிட்டு, உள்ளே தங்கியிருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று எங்களுக்கு டீ வரவழைத்தார். டீ குடித்து முடித்த பிறகுதான் காருக்குள் கையை வைத்தார். சீட்டை முன்னால் தள்ளிப் பின்பக்க போல்ட்டுகளையும், பின்னால் தள்ளி முன்பக்க போல்ட்டுகளையும் கழற்றினார். சீட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்த மஞ்சள் நிற இணைப்பைப் பிரித்தார். பிறகு சீட்டை அணைத்துத் தூக்கி வெளியே கொண்டுவந்து வைத்தார். ஒரு நோயாளியைத் தூக்குவதைப் போல இருந்தது.

அந்த மஞ்சள் இணைப்பின் வாய்க்குள் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அவர் அதைத் தகரக் கூரையின் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, சீட்டுக்கடியில தண்ணி ஏதாச்சும் ஊத்துச்சுங்களா? வெறுந்தண்ணியாட்டத் தெரியலீங்க. உப்புத்தண்ணி எறங்குனாத்தான் இப்படிப் பூக்குமுங்க" என்றார்.

நான் சீட்டை உப்புப் போட்டுக் கழுவியதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டாக்டரம்மா, "ரத்தம்" என்றார். "ஒரு பொண்ணு இதுல செத்துப்போச்சுங்க. நாந்தான் கூட்டிட்டு வந்தேன்."

அவர் அப்படி நேராக ஒருவரிடம் சொன்னதை நான் கேட்டது அன்றுதான். தாராபுரத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்பின் தெரியாத ஓர் ஆளிடம், பட்டறைச் சத்தத்துக்கு நடுவே, அதைச் சொல்ல முடிந்திருக்கிறது. எலக்ட்ரீசியன் இணைப்பைக் கீழே வைத்தார். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வேண்டுமென்றால் கோயமுத்தூரில் தேடி வேறு சீட்டு வாங்கிப் போட்டுவிடலாம் என்றார். டாக்டரம்மா சீட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, வேண்டாம், இதையே மாட்டிவிடுங்கள் என்றார்.

எலக்ட்ரீசியன் சீட்டின் தண்டவாளங்களைத் துடைக்க ஆரம்பித்தார். கிரீஸோடு சேர்ந்து உள்ளே என்னென்னவோ ஒட்டிக்கொண்டிருந்தன. பஞ்சு, ஒரு ஊக்கு, ஊசி மருந்துக் குப்பியின் மூடி, நிறைய கண்ணாடி வளையல் துண்டுகள். வளைகாப்புக்குப் போட்ட வளையல்களைப் பிரசவம் வரைக்கும் கழற்றமாட்டார்கள். வலியில் சீட்டைப் பிடித்து அடிக்கும்போது உடைந்து விழுந்தவை. அவர் அவற்றைத் துணியில் வழித்து ஒரு தகர மூடியில் போட்டார். டாக்டரம்மா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். பச்சை, சிவப்பு, மஞ்சள், பொன்வரி போட்ட கறுப்பு.

"இது அவளுதா?" என்று என்னிடம் கேட்டார்.

அவள் கையில் கண்ணாடி வளையல் இல்லை. வளைகாப்புச் செய்கிற வசதி அவர்களுக்கு இருக்கவில்லை. கறுப்பு ரப்பர் வளையல்தான் போட்டிருந்தாள். நான் அதைச் சொன்னேன். பிறகு, யாரும் கேட்காமலே மற்றதையும் சொன்னேன். அந்தப் பொன்வரி வளையல் குண்டடத்து வாத்தியார் மனைவியுடையது. இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் நன்றாக இருக்கின்றன. மஞ்சள், வலிப்பு வந்து கொண்டுபோன அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். போன தைப்பொங்கல் நோன்புக்குக்கூடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகப் போனாள், நீங்கள் மாடியில் இருந்தீர்கள். பச்சை யாருடையது என்று நினைவில்லை. அது யாருடையதாக இருந்தாலும் அவர்களும் பிழைத்துத்தான் இருக்கிறார்கள். நான் அவரிடம் அவ்வளவு நீளமாக அதற்கு முன் பேசியதே கிடையாது. டாக்டரம்மா அந்தத் தகர மூடியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எலக்ட்ரீசியன் இணைப்பின் வாயைச் சுத்தம் செய்து, கெட்டுப்போன முனையை மாற்றி, சீட்டைத் திரும்ப மாட்டினார். மூடியிலிருந்ததைக் குப்பையில் கொட்டினார். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்து, கொஞ்சம் தயங்கி, அணைந்தது.

புறப்படும்போது நான் பின்கதவைத் திறந்தேன். "முன்னாடி உக்காரு கண்ணு" என்றார் டாக்டரம்மா. நான் நின்றேன். "பின்னாடி இருந்தா நீ பேசறது எனக்குக் கேக்காது" என்றார். அது உண்மை இல்லை. அந்தக் காரில் எங்கிருந்து பேசினாலும் கேட்கும். நான் முன்சீட்டில், முதுகு படாமல், விளிம்பில் உட்கார்ந்தேன். பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று அவர் சாய்ந்து கைநீட்டிக் காட்டினார். கொக்கி சத்தத்தோடு விழுந்தது. சூலூர் வந்தது, போனது. முன்னாலிருந்து பார்த்தால் அந்தச் சாலை வேறொன்றாகத் தெரிந்தது. பேசுவதற்காக உட்காரவைத்தவர் வழிநெடுக ஒன்றும் பேசவில்லை. நான் காகிதக் காத்தாடிகளைப் போல நின்ற காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தாராபுரத்துக்குள் நுழைந்ததும் கார் எங்கள் தெருப்பக்கம் திரும்பவில்லை. மூலனூர்ச் சாலையில் போனது. எங்கே என்று நான் கேட்கவில்லை.

காலனியில் அந்தப் பெண்ணின் அம்மாவுடைய வீட்டை நான்தான் விசாரித்தேன். ஓட்டு வீடு. அந்த அம்மா வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கால்களுக்கு நடுவில் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். கோபப்படுவார், கத்துவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு "வாங்க" என்றார். டாக்டரம்மா, "உங்களப் பாக்கத்தான் வந்தேனுங்க" என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. அந்த அம்மா எனக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டரம்மாவுக்கு, "கடையில போயிக் கலர் வாங்கியாரட்டுங்களா?" என்று கேட்டார். பண்ணையக்காரர்கள் எங்களுடைய வீடுகளில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள் என்பதால், அப்படி யாராவது வந்தால் மூடி உடைக்காத சோடாவோ கலரோ வாங்கிவருவது எங்களுக்கு வழக்கம். என் அம்மாவும் அப்படித்தான் கேட்பாள். டாக்டரம்மா என் கையிலிருந்த சொம்பை வாங்கி மீதியிருந்ததைக் குடித்தார். பிறகு தரையில் உட்கார்ந்து குழந்தையைத் தூக்கி, கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், எத்தனை தடுப்பூசி போட்டிருக்கிறது என்று கேட்டார். ஒன்றுகூடப் போட்டிருக்கவில்லை. புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டானாம். டாக்டரம்மா குழந்தையைத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார். அந்த அம்மா தலையை ஆட்டினார். அப்புறம், வெகுநாளாக வைத்திருந்ததைப் போல, ஒன்றைக் கேட்டார்.

"கடேசியா எம்பட புள்ள என்னங்க சொன்னா?"

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏதாவது சொன்னாள் என்பதே அவருக்குத் தெரியாது. நான் அதை அவரிடம் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். ஆறுதலாக வேறு எதையாவது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. குழந்தையைக் கேட்டாள், உங்களைக் கேட்டாள் என்று. அந்த அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தில் அது முடியவில்லை.

"'சீட்டெல்லாம் நனையுதுங்க சிஸ்டர். நல்ல சீட்டு. டாக்டரம்மா வையமாட்டாங்களா?' அப்படின்னு கேட்டாங்க" என்றேன். "வையமாட்டாங்க, நீ பேசாமப் படுத்துக்கன்னு சொன்னேன். சரிங்கன்னாங்க. அவ்வளவுதானுங்க."

அந்த அம்மாவின் முகத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. தெரிந்த ஆளைக் கூட்டத்தில் கண்டுபிடித்தவருடைய முகம்.

"அவ அப்படித்தானுங்க" என்றார். "ஆரு ஊட்டுக்குப் போனாலும் பாயில ஒக்காரமாட்டா. அழுக்காயிருமுன்னு வெறுந்தரையிலதான் ஒக்காருவா." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகுதான் அழுகை வந்தது. அதுவரைக்கும் அவர் அழுதாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. மகள் பேசியது அவருக்குக் கேட்டுவிட்டது என்று மட்டும் எனக்குத் தோன்றியது. டாக்டரம்மா குழந்தையை மடியிலிருந்து இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து காரை நோக்கி நடந்தார். நான் போனபோது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"அதக் கேட்டுட்டும் நீங்க இந்த வண்டிய ஓட்டணுமேங்க" என்றேன்.

அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அவர் கையைத் தொடலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார்.

அவர் சிங்கப்பூருக்குப் போகவில்லை, மறுபடியும் பிரசவம் பார்க்க ஆரம்பித்தார். காரைத் திருப்பூர்க்காரர் ஓட்டிக்கொண்டு போனார். அதற்குப் பதிலாக ஒரு பழைய வேனை வாங்கி, பின்பக்க இருக்கைகளை எடுத்துவிட்டு, படுக்கையும் பாட்டில் மாட்டக் கொக்கியும் வைத்து, ஓட்டுவதற்கு ஆளும் போட்டார். ஆயா திரும்பி வந்தாள். கொடிக்கயிற்றில் துணிகள் தொங்கின. அண்ணனுக்கு அதில் மனவருத்தம். ஞாயிற்றுக்கிழமை போன் முதலில் மாதம் ஒன்றானது, பிறகு தீபாவளிக்கு மட்டும் என்றானது. போன் வராத ஞாயிறுகளிலும் டாக்டரம்மா நல்ல புடவைதான் கட்டிக்கொண்டார். அந்த அம்மா சொன்னபடி திங்கட்கிழமை குழந்தையோடு வந்தார். அதன்பின் ஒவ்வொரு ஊசிக்கும் வந்தார். மற்றப் பிள்ளைகளுக்கு நான் ஊசி போடுவேன், அந்தக் குழந்தைக்கு மட்டும் டாக்டரம்மா தானே போடுவார். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது குறைவு. பழைய பேச்சை யாரும் எடுக்கவில்லை.

எனக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவிலும் அப்படித்தான். அன்றைக்குப் பிறகு நாங்கள் நெருக்கமாகிவிட்டோம் என்று எழுத எனக்கு ஆசை. நடந்தது அதுவல்ல. மாடியில் ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு என்பது மாறவில்லை. ஒன்றிரண்டு முறை, வேலை முடிந்த சாயங்காலங்களில், அவர் படியில் பாதிவரை இறங்கிவந்து நின்றிருக்கிறார். "என்னங்கம்மா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல கண்ணு" என்று ஏறிப் போய்விடுவார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சாப்பிட மேலே வா என்று கூப்பிட வந்திருக்கலாம். நானாகவே போய் உட்கார்ந்திருந்தாலும் அவர் எழுந்து போகச் சொல்லியிருக்கமாட்டார். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எப்படி அந்தப் படிகளைக் கடப்பதென்று. பக்கவாதம் வந்து அவர் படுத்த நாட்களில் நான்தான் ஊட்டினேன். அப்போது அவருக்குப் பேச்சு இல்லை. அவர் போனபின் அண்ணன் வந்து கட்டடத்தை விற்றார். இப்போது அது செல்போன் கடை. நான் கோயமுத்தூருக்கு வந்து, பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். கணபதியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டில் இருக்கிறேன். கூப்பிட்டவுடன் ஆம்புலன்ஸ் வருகிற காலம் இது. ரத்தம் இல்லை என்று யாரும் அந்தச் சாலையில் கார் ஓட்டிக்கொண்டு போவதில்லை. நல்லதுதான்.

அந்த அம்மாவும் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பேத்தியை மாமன் சோமனூர்ப் பக்கம் அழைத்துப் போய்விட்டாராம், தறிவேலைக்கு. அந்தப் பெண்ணின் கடைசிப் பேச்சு தெரிந்த மூன்று பேரில் மிச்சம் நான் ஒருத்திதான் என்பது அதைக் கேட்டபோதுதான் உறைத்தது. போன கார்த்திகையில் ஒரு நாள் பஸ் ஏறி சோமனூர் போனேன். தறிக்குடோன்கள் உள்ள தெருக்களில் மாமனின் பெயரையும் பேத்தியின் பெயரையும் சொல்லிக் கேட்டுக்கொண்டே நடந்தேன். பாதிப் பெண்களுக்கு அந்தப் பெயர்தான் இருந்தது. ஒரு குடோனில், தறிக்கு நடுவே நின்ற ஒருத்தி என்னைப் பார்த்து வாசல்வரை வந்தாள். காதிலும் புருவத்திலும் பஞ்சு. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவளா என்று பார்த்தேன், இல்லை.

"எதுக்குங்க தேடறீங்க? சொந்தமுங்களா?" என்று கேட்டாள்.

"சொந்தமில்லீங்க. அவங்கம்மா பேசுனதைக் கேட்டிருக்கேன்" என்றேன்.

தறி ஓடிக்கொண்டிருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டிக் கையை ஆட்டினாள். நான் கிட்டே போய், இன்னும் சத்தமாக, அதையே மறுபடியும் சொன்னேன்.